பாரு மீன்

திருகோணமலையில் படகு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் குனிந்து கடலுக்குள் பார்த்தேன். முருகைக்கல் என்னும் பவளப்பாறை இடுக்குகளில் சிவப்பு மீன்கள் கூட்டமாக நின்றன.

"செப்பலி, தம்பி. பகலெல்லாம் இந்தப் பாரிலதான் கிடக்கும். பொழுதுபட்டா இரைக்கு வெளிக்கிட்டிடும்" என்றார் படகுக்காரர். கடலடிப் பாறைக்கு அங்கே பார் என்று பெயர்.

நான் சிறுவனாக இருந்தபோது, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மீன் விற்க வரும் நானாவும் ஒருமுறை இதே சிவப்பு மீனை அம்மாவிடம் தூக்கிக் காட்டி, "இது பாருல கெடக்குற மீன், தங்கச்சி" என்றார். எங்களுக்குத் தெரிந்த பார், பஜாரில் இருந்த சாராயக் கடைதான்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க நானா. அதுக்குக் கண்ணுதான் செவப்பு!" என்றாள் அம்மா.

லயமே சிரித்தது. வழக்கம்போலப் பொழுதுபட்டதும் சட்டை மாட்டிக்கொண்டு பஜாருக்குக் கிளம்பிய அப்பா வாசலில் நின்றுவிட்டார். அம்மாவின் சிரிப்பு அடங்கியது. அடி விழும் என்று நான் பயந்தேன்.

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "கத்தியக் கொண்டா புள்ள, செதில நான் எடுக்குறேன்" என்று மீனோடு மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அருகில் உட்கார்ந்தார். சாப்பிடும்போது முள் நீக்கிய மீனை அம்மாவின் தட்டில் வைத்தார். மறுநாள் வழக்கம்போல பஜாருக்குப் போனார்.

படகு திரும்பும்போது பொழுதுபட்டிருந்தது. ஒரு செப்பலியாவது அன்றைக்கு அப்பா நின்றதுபோல், கிளம்பாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.