அவர் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய வாரம்

எங்கள் வீட்டில் மாமனார் மாமியார் எதிரில் மருமகள் புருஷனிடம் நேராகப் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டும். "சோறு ஆறுதுன்னு அப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்று தொட்டிலைப் பார்த்துச் சொன்னால், சாப்பிட வேண்டியவர் எழுந்து கை கழுவப் போவார். குழந்தை பிறப்பதற்கு முன்பு என்ன செய்தேன் என்று கேட்டால், கன்றுக்குட்டியிடம் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்புப் படித்து, இங்கிலீஷ் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் படிப்பு கன்றுக்குட்டிக்காவது உபயோகப்பட்டதே என்று இருந்தேன்.

பேச வேண்டியது சோறும் வெந்நீருமாக இருந்த வரையில் இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை. அவர் மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகுதான் சிரமம் வந்தது.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. இடது பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் தொட்டி ஒன்றும் உண்டு. சைடுகார் என்று பெயர். கருமத்தம்பட்டிக்குச் சற்று மேற்கே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து, பஞ்சு வியாபாரத்துக்காகக் கோயமுத்தூர் போய்வர அதை வாங்கினார். போவது வண்டியில்தான். வருவது அவ்வளவு நிச்சயமில்லை.

முதல் தடவை அது நின்றுபோனபோது கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பட்டறைக்காரர் மிகவும் மரியாதையாக, "நீங்க கை வெக்காம இருந்தீங்கன்னா நல்லா ஓடுமுங்க" என்று சொன்னாராம். எத்தனை 'ங்க' போட்டுச் சொன்னாலும் அவமானம் அவமானம்தான். அன்றிலிருந்து எல்லா ரிப்பேரும் எங்கள் வீட்டில்தான் நடந்தது.

அவரிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு ஸ்பேனரும் ஒரு குறடும். மற்றவற்றை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பையனைக் குளிப்பாட்டும் பித்தளை அகலத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாமான்களை ஊறவைத்தார். பையனுக்கென்று துவைத்து மடித்து வைத்த பழைய வேட்டித் துணிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஒரு நாள் என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் பளபளவென்று ஏதோ மின்னுகிறதே என்று பார்த்தால், என் பிறந்த வீட்டில் போட்ட வெள்ளிப் பாலாடை.

மாமியார் பக்கத்தில் இருந்ததால் பையனிடம்தான் சொன்னேன். "அது நீ பால் குடிக்கறதுன்னு சொல்லு கண்ணு."

அவரும் பையனிடமே பதில் சொன்னார். "ஒரு சொட்டுக் கீழ சிந்தறதில்லடா. கழுவித் தந்தர்றேன்னு சொல்லு."

கழுவித்தான் தந்தார். மண்ணெண்ணெயில். நான் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி கொதிக்கவைத்தேன். பிறகு பையனுக்குக் கரண்டியில் பால் புகட்டினேன். வாசனை போய்விட்டதா, என் மூக்குத்தான் பழகிவிட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை.

பையனுக்குக் காது குத்த அவிநாசிக் கோவிலில் நாள் பார்த்தார்கள். என் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். அண்ணன் நேராகக் கோவிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. குழந்தை சைடுகாரில்தான் போக வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. ரோட்டோரத்து ஊர் அத்தனையும் பார்க்கும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாட்டு வண்டியில் போனால் குழந்தைக்கு வெயில் ஆகாது என்று சொன்னார். எங்கள் சவாரி வண்டிக்குக் கூண்டு உண்டு. சைடுகாருக்குக் கூரை கிடையாது.

இவ்வளவு நல்ல காரியத்துக்குப் போகும் வண்டி சுத்தமாக இருக்க வேண்டாமா? அதற்காக அவர் முழு வண்டியையும் பிரித்தார். வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில், கல்யாணத்துக்கு விரிக்கும் பெரிய பாயில், நட்டும் போல்ட்டும் சங்கிலியும் வரிசையாகக் கிடந்தன. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு, இத்தனை சாமானையும் பிரிக்க எப்படிப்பட்ட மூளை வேண்டும் என்று வியந்தார்கள். மாமியார் அவர்களுக்கு மோர் கொடுத்தார். எப்படித் திருப்பிப் பூட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை.

அப்போதுதான் பையன் தவழ ஆரம்பித்திருந்தான். அவர் சாமான்களின் பின்னால், பையன் அவர் பின்னால், நான் பையன் பின்னால். அந்த வாரம் முழுவதும் இப்படியே போயிற்று.

பூட்டி முடித்துப் பாயைச் சுருட்டிய பிறகு, பையனின் மூடிய கையில் ஏதோ இருந்ததைப் பார்த்தேன். வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. விரல்களைப் பிரித்தால், கொண்டை ஊசியைப் போல வளைந்த ஒரு சின்ன இரும்புக் கம்பி. வேறு ஏதாவது விழுங்கிவிட்டானோ என்று வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். மறுநாள் அவன் துணிகளையும் சோதித்தேன். ஒன்றும் இல்லை.

"இது மிச்சமா இருக்குதுன்னு அப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்றேன்.

கம்பெனிக்காரன் எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாகத்தான் போட்டு அனுப்புவான் என்று பையனுக்கு விளக்கினார். இட்லிக் கடைக்காரன் கொசுறு போடுவதைப் போல.

அடுத்த நாள் காலை அவர் குளிக்கப் போன சமயம், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். மோட்டார் சைக்கிளோடு சைடுகாரைப் பிணைக்க இரும்புக் கைகள் இருந்தன. ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு போல்ட்டு, அதன்மேல் நட்டு, நட்டு சுழன்று கழன்றுவிடாதபடி குறுக்கே இதே மாதிரி ஒரு கம்பி. முன்பக்கத்துக் கை ஒன்றில் மட்டும் ஓட்டை இருந்தது, கம்பி இல்லை. மற்றவையெல்லாம் கடுக்கன் மாட்டிய காது, இது மட்டும் மூளி.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் சந்தேகமும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐரோப்பாவின் நதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நட்டைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓட்டை வெறுமனே விட்டுவைத்த ஓட்டையாகவும் இருக்கலாம். காற்றுப் போவதற்கோ என்னவோ. பையனிடம் மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். நன்றாக முடுக்கியிருக்கிறதாம், ஒரு கம்பிக்கு இத்தனை கவலைப்பட அது என்ன நகையா என்று பையனைக் கேட்டார். பையன் சிரித்தான்.

புறப்படும் நாள் வந்தது. சவாரி வண்டியில் மாமனாரும் மாமியாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சைடுகாரில் தேங்காய், பழத் தட்டு, எனக்கு ஒரு மெத்தை. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்ஜினை உதைத்தார்.

நான் பையனை மார்போடு அணைத்தபடி நின்றேன். "நாம தாத்தாகூட வண்டியில போலாம் கண்ணு" என்றேன். என்ஜின் போட்ட சத்தத்தில் அது என் காதுக்கே கேட்கவில்லை. "ஏறு அம்மணி, நல்ல நேரம் போயிரும்" என்று மாமியார் கையை ஆட்டினார். பையனின் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனிக் குழந்தையிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து, சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னேன்.

"ஏனுங்க, இந்தக் கம்பிய மாட்டுங்க. இல்லீன்னா எம்பையன் இதுல ஏற மாட்டான்."

பாதியில் என்ஜின், அதன் வழக்கப்படி, நின்றுபோயிற்று. மிச்சப் பாதி தோட்டம் முழுக்கக் கேட்டது.

மாமனார் மாட்டின் கொம்பைப் பார்த்தார். மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். எந்தக் கம்பி, எங்கே மாட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளங்கையில் அதை வைத்து நீட்டினேன்; அவர் எடுக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் எங்கே பார்த்தது என்றும் தெரியவில்லை.

மாமியார் வண்டியிலிருந்து இறங்கினார். "எம்பையன் பூட்டுனதுல எனக்கு நம்பிக்கை இருக்குது. நான் ஏர்றேன்" என்று பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு சைடுகாரில் உட்கார்ந்தார். நான் கம்பியை முந்தானையில் முடிந்துகொண்டு, பையனோடு சவாரி வண்டியில் ஏறினேன்.

வண்டி நகர்ந்ததும், செய்தது தப்போ என்று தோன்ற ஆரம்பித்தது. ஒன்றும் ஆகாமல் அவர்கள் அவிநாசி போய்ச் சேர்ந்தால் இனி இந்த வீட்டில் நான் தலை நிமிர முடியாது. ஏதாவது ஆனால் அடிபடுவது மாமியார். கொஞ்ச தூரம் போன பிறகு, என் சொல் சரியாக இருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்படுவதைக் கண்டுபிடித்தேன். பயந்துபோய், சரியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மடியில் தூங்கிய பையனைப் பார்த்தபோது அப்படி வேண்டிக்கொள்வதும் முழுமனதாக வரவில்லை.

பின்னால் புழுதி கிளம்பிற்று. மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டியது. மாமியார் தட்டைப் பிடித்துக்கொண்டு, தேரில் வருகிற அம்மனைப் போல நேராக உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த திருப்பத்தில் அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சைடுகார் ரோட்டோரத்துக் கிளுவை வேலிக்குள் சாய்ந்திருந்தது. மாமியார் தோள்வரை முள்ளுக்குள் இருந்தார். தேங்காய்கள் ரோட்டில் கிடந்தன. இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தனியாகத் தொங்கிய முன்பக்கத்து இரும்புக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் நட்டைக் காணவில்லை.

பையனை மாமனாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. கீறல்களும் முள்ளும்தான். நான் மாமியார் கையிலிருந்து முதல் முள்ளை எடுத்தபோது அவர் வாய் திறந்தார்.

"போற நேரத்துல நீ வாய் வெச்சது, பாத்தியா அம்மணி" என்றார். கோபமாகக்கூட இல்லை, அம்மணி போட்டுத்தான்.

எல்லோரும் சவாரி வண்டியில் நெருக்கி உட்கார்ந்து அவிநாசி போய்ச் சேர்ந்தோம். நல்ல நேரம் முடிவதற்குள் பையனுக்குக் காது குத்தினார்கள். அவனைவிட அதிகமாக நான் அழுதேன். அதற்கும் பேச்சு வாங்கினேன்.

இப்போது எங்கள் உறவில் இந்தக் கதை பிரபலம். பெரியவர்கள் எதிரில் புருஷனை முகத்துக்கு நேரே அதட்டிய மருமகள் என்பது கதை. கம்பி அதில் வராது. விபத்துக்குக் காரணமாக ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்ததாக அவர் சொல்லிவந்தார். சென்ற மாதம் அதைக் கேட்டபோது அது எருமையாக வளர்ந்திருந்தது.

போன வாரம் திருப்பூரில் ஒரு கல்யாணம். அதற்காக வண்டி மறுபடி பிரிக்கப்பட்டு மறுபடி பூட்டப்பட்டது. மாமியார் பட்டு உடுத்திக்கொண்டு வந்து சைடுகார் பக்கத்தில் நின்றார். ஏறவில்லை. ஸ்பேனரோடு நின்ற மகனைப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்த பேரனைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அப்பத்தா ஏறலாமான்னு உங்கம்மாகிட்டக் கேளு."

பையனை இறக்கிவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. இருந்தாலும் முதலில் தொட்டதைச் சரியாகத் தொட்டேனா என்று சந்தேகமாக இருந்தது. அவர் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்காப் பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லு கண்ணு" என்று பையனிடம் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.