அஞ்சலீனா நிறுத்திய குளிசை

அஞ்சலீனாவுக்கு மூட்டுவாதம். புலம்பெயர்ந்து வந்த புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலை. விரல் மடங்காவிட்டால் வேலை இல்லை. டொக்டர் கொடுத்த ஸ்டீரொய்ட் குளிசையை மூன்று வருடமாக விழுங்கினாள். விரல் மடங்கியது, முகம் உப்பிப்போனது. 2006இல் தம்பியின் கலியாணத்தில், மன்னாரில் கூடப் படித்தவளே அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, "அஞ்சலீனா வரேல்லையோ?" என்று கேட்டாள்.

வீடு திரும்பியதும் அவள் குளிசையை நிறுத்தினாள். கணவன் ஹென்றியிடம் சொல்லவில்லை.

முகம் வற்றத் தொடங்கியது. கண்ணாடிக்கு முன்னால் அவளுக்குச் சந்தோசம். ஆனால் காலையில் எழும்ப உடம்பு மறுத்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. நிமிர்ந்தால் கண் இருட்டியது. வேலைக்குப் போகும் பியர்பொன்ட்ஸ் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கக்கூடப் பலமில்லை. "குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்று சமாளித்தாள்.

மாரிக் குளிரில் வயிற்றுக் காய்ச்சல் வந்தது. ஹென்றிக்கும் வந்து மறுநாளே விட்டது. அவளுக்குச் சத்தி நிற்கவேயில்லை, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. குளியலறை வாசலில் விழுந்து கிடந்தவளை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

சேலைன் ஏற ஏற இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. என்ன மருந்து எடுக்கிறா என்று டொக்டர் கேட்டார்.

"ஏதோ மூட்டுக் குளிசை. பேர் தெரியாது. ஒழுங்காப் போடுறா" என்றான் ஹென்றி.

அஞ்சலீனா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "இல்லையப்பா... விட்டிட்டன்."

"எதை?"

"ஸ்டீரொய்ட்டை. கலியாணத்தோட விட்டிட்டன்."

ஹென்றி அதைப் பிரெஞ்சில் சொல்லி முடிக்குமுன் டொக்டர் ஊசிக்கு ஆளனுப்பிவிட்டார். அந்த ஸ்டீரொய்ட் ஊசிதான் அவளைத் திருப்பித் தந்தது.

பிறகு டொக்டர் விளக்கினார். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்றொரு சின்னப் பகுதி. உடம்புக்கு நெருக்கடி வந்தால் அது பெப்டைட் என்ற இரசாயனச் செய்தியொன்றை அனுப்பும். அதை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி இன்னொன்றை அனுப்பும். அது போய்ச் சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகளை எழுப்ப, அவை கோர்ட்டிசோலைச் சுரக்கும். உயிரைத் தாங்குவது அதுதான். மூன்று வருடம் குளிசை வெளியிலிருந்து அந்த வேலையைச் செய்ததால், மூளை அந்தச் செய்தியை அனுப்புவதையே விட்டுவிட்டது. காய்ச்சல் வந்தபோதும் அது வாய் திறக்கவில்லை.

"எப்ப திரும்ப எழும்பும்?" என்று கேட்டாள்.

"சிலருக்கு மாதங்கள். சிலருக்கு எழும்பாமலே போகலாம்."

அடுத்த கோடையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எழும்பவில்லை. மறு கோடையிலும் அப்படியே. அவள் மீண்டும் குளிசை போடுகிறாள். முகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காய்ச்சலோ சத்தியோ வந்தால் உடனே அந்த ஊசியைப் போட ஹென்றி பழகிவிட்டான். பக்கத்தில் யாராவது இருமினால், அஞ்சலீனா மெதுவாகத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.