கம்பவுண்டர் ஏசுஅடிமையின் நாக்கு

கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்து மருந்துக்கூடத்தில் ஏசுஅடிமை கம்பவுண்டர். மதுவைத் தொடுவதில்லை என்று சபையில் கையெழுத்துப் போட்டவர். ஆனால் பங்களாவில் துரை குடித்து முடித்த ஒயின் புட்டிகள், நோயாளிகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுக்க அவரிடம்தான் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கரண்டி மிச்சம் இருக்கும். முதலில் கழுவுமுன் மோந்து பார்த்தார். பிறகு நாக்கில் விட்டுத் துப்பினார். ஆறு வருஷத்தில் அது பித்தாகிவிட்டது.

பெட்டியோடு வந்த விலைப்பட்டியல் ஒன்றில், பிரான்சில் பர்கண்டிப் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒரே ஜாதித் திராட்சையில் ஆவது என்று படித்தார். அதன் பெயரை ‘பினாட் நோயிர்’ என்று எழுத்துக்கூட்டிக்கொண்டார். மற்றதெல்லாம் அவருக்கு அதற்குப் பிறகுதான். வெளிறிய சிவப்பு, காரைப்பழப் புளிப்பு, பின்னாலேயே மழையில் நனைந்த சருகின் வாசம். எந்த வருஷத்துப் புட்டி உசத்தி, எது மட்டம் என்று நோட்டில் குறித்தும் வைத்தார்.

மனைவி நேசம்மாளுக்கு அவர் வாய்மேல் எப்போதும் ஒரு கண்.

“விழுங்கல்ல பிள்ளே, துப்பியாச்சு.”

“துப்பினதுக்கு ஆரு சாட்சி?”

1932இல் ரப்பர் விலை படுத்துவிட்டது. புட்டிகள் அதே லேபிளோடு வந்துகொண்டிருந்தன. ஆனால் அடியில் கிடந்தது நாவல்பழச் சாறுபோலக் கறுத்திருந்தது. தித்திப்பு நாக்கில் ஒட்டியது. அடுத்த மூன்றும் அப்படியே. யாரோ நல்லதைக் குடித்துவிட்டு மட்டமானதை ஊற்றி வைக்கிறார்கள். பட்லர் சகாயத்தைத் தவிர வேறு யார்? அவன் நடையைக் கவனித்தார். காய்ச்சல் மாத்திரைக்கு வந்தவனைக் கிட்டே இழுத்து மோந்தார். கடைசியில் பங்களா அடுக்களை வாசலில் போய்க் கேட்டேவிட்டார்.

“சகாயம், நல்ல ஒயின ஆருடே குடிக்கா?”

சகாயத்தின் முகம் கறுத்தது. “அலமாரிச் சாவி துரைக்க இடுப்புலயாக்கும். கம்பவுண்டரே, நீரு எனக்க சோத்துல மண்ணப் போடப் பாக்கீரு.”

ஏசுஅடிமை நம்பவில்லை.

மறுவாரம் பங்களாவிலிருந்து சீட்டு வந்தது. புனல், புதுத் தக்கை, அரக்கு, மூன்றையும் கம்பவுண்டரே கொண்டுவர வேண்டும். போனார். சாமான் அறையில் துரை சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். எதிரே பெரிய ஜாடி நிறையக் கறுத்த மலிவு ஒயின். பக்கத்தில் ஆறு பர்கண்டிப் புட்டிகள், காலியாக. சனிக்கிழமை அடுத்த தோட்டத்துத் துரைமார்களுக்கு விருந்து.

கம்பவுண்டரின் மூக்கு விடைத்ததைத் துரை பார்த்துவிட்டார்.

“என்ன மோந்து பாக்கிறாய்?”

துரை ஜாடியிலிருந்து கொஞ்சம் கிளாசில் ஊற்றி நீட்டினார். “சொல்லு.”

ஏசுஅடிமை நாக்கில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே துப்பினார். “இது பினாட் நோயிர் இல்ல, துரை.”

“பினோ நுவார்,” என்று துரை திருத்தினார். கிளாசைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “என் விருந்தாளி ஒருத்தனுக்கும் உன் நாக்குக் கிடையாது. போ.”

கம்பவுண்டர் நேராகச் சகாயத்திடம் போய், “தப்பா நெனச்சிட்டேன், மனசுல வைக்காதே” என்றார். சகாயம் தலை நிமிராமல் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் காலிப் புட்டிகள் வரவில்லை. ஓடையில் போட்டு உடைத்தார்கள். நோயாளிகளே புட்டி கொண்டுவர வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் கழித்து, துரையின் வயிற்றுவலி மருந்துக்கு வந்த சகாயம் தானாகவே வாய் திறந்தான்.

“ஒம்ம மருந்துல எனக்கு மொதக் கரண்டி தாறாரு. நான் குடிச்சிட்டு நிக்கத அரைமணி பாத்த பொறவுதான் அவரு குடிக்காரு. குட்டு அறிஞ்ச ஆளுண்ணு ஒம்ம மேல பயமாக்கும்.”

ஏசுஅடிமை மருந்தை அளந்து ஊற்றி, தக்கையை இறுக்கிக் கொடுத்தார். அன்றைக்கே நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டார்.