பிசெர்காவும் திறக்காத பாட்டிலும்

நிஷ்கா பான்யாவில் வாதத்தைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. வெந்நீர் ஊற்றில் முழுக வரும் நோயாளிகளுக்கு அறை வாடகைக்கு விட்டே பாதி ஊர் பிழைக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு முடக்குவாதம் வந்ததுதான் பிசெர்காவின் கெட்ட நேரம். ஆளாளுக்கு வைத்தியர்.

அவள் எங்களுக்குக் கீழ்வீடு. பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். நாற்பது தொடுமுன்பே விரல் கணுக்கள் வீங்கின. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனதும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மாலை நேரங்களில் டாக்சி கம்பெனியில் போன் எடுக்கப் போனாள். காலையில் விரல்கள் மடங்கவே மணிக்கணக்காகும். ஆனால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "உனக்கா நோவு? கல்லுக்குண்டு மாதிரி இருக்கியே!" என்பார்கள். டாக்டரும் அதே பாட்டு: "ரத்தம் பிரமாதமா இருக்கும்மா, சந்தோஷமா இருங்க."

புருஷன் விதோயே லாரி மெக்கானிக். இலையுதிர் காலம் வந்தால் அம்மாவோடு சேர்ந்து சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்து அய்வார் என்ற தொக்கு கிண்டுவான். அதைப் பாட்டில்களில் அடைத்து, காற்று புகாதபடி மூடிகளை இறுக்குவதில் அவனுக்குப் பெருமை.

அன்று மத்தியானம் பிசெர்காவுக்குப் பசி. ரொட்டி இருந்தது. அலமாரி நிறைய அய்வார். ஒரு மூடியும் அசையவில்லை. துணி சுற்றித் திருகினாள், வெந்நீரில் கவிழ்த்தாள். கடைசியில் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டு கிராதிமிர் நின்றிருந்தார்.

"மாமா, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்."

"ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்குறியா? குறுக்குக் காத்துதான் எலும்புல இறங்கும். முட்டைக்கோஸ் இலையை வச்சுக் கட்டு."

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டில் நோயாளிகளுக்கு அறை விடும் ஸ்தாமென்கா வந்தாள். "என் வீட்டுல தங்குனவ ஒருத்தி தேனீயைக் கொட்டவிட்டே எந்திரிச்சு நடந்துட்டா, தெரியுமா?"

"அக்கா, நான் நடந்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு மூடி திறக்கணும்."

"திறக்கலாம், இரு. முதல்ல உப்பைக் குறை."

"உப்பு என்ன பண்ணும்? சேத்துல உக்காந்தா சரியாப் போயிடும்" என்றார் கிராதிமிர். சேறா, தேனீயா என்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. பாட்டில் அவள் அக்குளிலேயே இருந்தது.

பிசெர்கா அதை உருவிக் கல்படியில் ஓங்கிப் போட்டாள். கிராதிமிரின் செருப்பெல்லாம் சிவப்பு.

"இப்போ திறந்துடுச்சு!"

சாயங்காலம் விதோயே காதுக்குச் சேதி போயிற்று. "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றான்.

"ஒரு வாய் சாப்பாட்டுக்கு உனக்கு போன் போடணுமா? நாளைக்கு ஜிப்பு போடவும் கூப்பிடுறேன். லாரிக்கு அடியிலேருந்து ஓடி வா."

அவன் தரையில் உட்கார்ந்து மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான்.

"கெட்டுப்போயிடும், பிசெர்கா."

"போகட்டும்."

போயிற்று. குளிர்காலத்துக்குள் பாதி பூஞ்சை பிடித்தது. மாமியார் பத்து நாள் பேசவில்லை. மறு வருஷம் விதோயே பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தான். ருசி போய்விட்டது என்று மாமியார் புலம்பினாள். உண்மைதான். ஆனால் பிசெர்கா பசித்த நேரத்தில் தானே எடுத்துச் சாப்பிடுகிறாள்.

கைவலி குறையவில்லை. போன வாரம் ஜன்னல் வழியே அவள் குரல் கேட்டது. மருந்து கம்பெனிக்காரன் மாத்திரை டப்பாவை மாற்றிவிட்டானாம். குழந்தைகள் திறக்காமலிருக்க, அமுக்கிக்கொண்டே திருகவேண்டிய மூடி.

"வாதத்துக்கு மாத்திரை! அதுக்குப் போய் இந்த மூடியா? எந்த மடையன்டா யோசிச்சான் இதை?"