பெயர் கேட்காத வியாபாரம்

எமில் ஹூடாக்கை அந்த வட்டாரத்தில் நேர்மையான வியாபாரி என்பார்கள். தான் விற்கும் துப்பாக்கியில் குறை இருந்தால், வாங்குகிறவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். "குழலுக்குள்ள லேசா துரு இருக்கு, பார்த்துக்க. அதுக்குத் தக்க விலையக் குறைச்சுக் கேளு." இதனால் அவருக்குப் பெரிய லாபம் வந்ததில்லை. ஆனால் ஒருவனும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. நேர்மை ஒரு மனிதனுக்கு எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பது வேறு கேள்வி.

வார நாட்களில் அவருக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை வேலை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு துப்பாக்கிச் சந்தை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மேற்குப் பகுதியில், அவர் ஊரில், தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு தீயணைப்பு நிலைய மண்டபத்திலேயே மேசைகளைப் போடுவார்கள். வாசலில் ஒரு ஆள் ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து, குண்டு இல்லையென்று பார்த்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டி உள்ளே விடுவான். மேசை எடுக்காதவர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, குழல் வாயில் ஒரு குச்சியைச் செருகி, அதில் விலை எழுதிய தாளை ஒட்டிக்கொண்டு நடப்பார்கள். சமையலறை ஜன்னலில் தீயணைப்புக்காரர்களின் மனைவிமார் பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்பார்கள். மண்டபம் முழுக்க வதங்கிய வெங்காயமும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து மணக்கும்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. துப்பாக்கியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஆளைப் பற்றிக் கேட்கக் கூடாது. உரிமம் வைத்திருந்த ஓரிரு கடைக்காரர்கள் மட்டும் வாங்குகிறவன் பெயரைக் கேட்கும் அரசாங்கப் படிவத்தை நீட்டுவார்கள். எமில் அந்த மேசைகள் பக்கமே போகமாட்டார். "என் பேரு எந்தத் தாள்லயும் ஏறாது," என்பார். மண்டபத்துக் குலுக்கல் சீட்டில்கூட அவர் சொந்தப் பெயரை எழுதியதில்லை. ஒரு தடவை "சாண்டா கிளாஸ்" என்று எழுதிப் போட, பரிசுப் பன்றித்தொடை அந்தப் பெயருக்கே விழுந்துவிட்டது.

"அவரு வடதுருவத்துல இருக்காருங்க! நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்!" என்று பக்கத்து மேசை ஆர்ச்சி ஷிம்கோ எழுந்து கையை நீட்டியதில் மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது.

ஆர்ச்சிக்கும் எமிலுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவர் காப்பிக்குப் போனால் மற்றவர் இரண்டையும் பார்த்துக்கொள்வார். இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் துப்பாக்கிகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

"யோவ் எமில், போன மாசம் என்கிட்ட மாத்துன ஷாட்கன் எங்கய்யா?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தனுக்கு."

"இந்தக் குளிர்ல பழுப்புக் கோட்டு போடாதவன் எவன்யா இருக்கான்? எங்கப்பனே அதத்தான் போட்டுட்டு செத்தான்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எமிலுக்கு அந்தச் சிரிப்பு பிற்பாடு பலமுறை நினைவுக்கு வந்தது.

மகன் கென்னத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது, அதே மண்டபத்தில் அவனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தந்தார். ஒரு முறைக்கு ஒரே குண்டு போடும் சின்ன ரகம். துப்பாக்கிகளில் எண் பொறிக்க வேண்டுமென்ற சட்டம் வருவதற்கு முன்னால் செய்தது. உடம்பில் எங்கும் எண் கிடையாது. எமிலுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "பாருடா, நம்பர்கூட இல்ல. இது உன்னோடதுன்னு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

கென்னத் பக்கத்துப் பண்ணையின் அவரைத் தோட்டத்தில் வளை தோண்டும் பெருச்சாளி போன்ற பிராணிகளைச் சுட்டான். ஒவ்வொன்றுக்கும் துப்பாக்கிக் கட்டையின் அடிப்பக்கம் பேனாக்கத்தியால் ஒரு வெட்டுப் போட்டான். ஒரு வெட்டு மட்டும் கோணலாக, ஆழமாகப் போய்விட்டது. அன்று கத்தி வழுக்கி அவன் கட்டைவிரலைக் கிழித்தது. அம்மா டோலரஸ்தான் சமையலறையில் உட்கார வைத்துக் கட்டுப்போட்டாள்.

எமில் பார்த்தது வெட்டுகளைத்தான். "மடப்பயலே! வால்நட் மரக் கட்டைடா அது! பாதி விலை போச்சு!"

"நான்தான் விக்கப் போறதில்லையேப்பா," என்றான் கென்னத்.

பதினேழாவது வயதில், ஒரு ஜனவரிக் காலை, பாலத்தின் மேல் உறைந்திருந்த பனியில் அவனுடைய வண்டி சறுக்கியது. அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்த பாத்திரங்களை டோலரஸ் கழுவித் திருப்பிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவருகே ஆணியில் அந்தத் துப்பாக்கி தொங்கியது. எமில் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அதைக் கடந்தாக வேண்டும். பிப்ரவரிச் சந்தை வந்தபோது அதை எடுத்துக்கொண்டு போனார். மேசையில் வைத்தால் ஆர்ச்சி கண்டுகொள்வார். அதனால் தோளில் மாட்டி, தாள்கூட ஒட்டாமல், வரிசைகளுக்கு நடுவே நடந்தார்.

காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவன், "விக்கிறதா?" என்றான்.

"ஆமா."

அவன் கையில் வாங்கி, திறந்து, வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தான். கட்டையைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. எமில்தான் பழக்க தோஷத்தில் சொன்னார்: "அடியில வெட்டுக்காயம் இருக்கு. ஒரு சின்னப் பையன் போட்டது. அதுக்குக் கழிச்சுக்க."

அவன் கழித்துக்கொண்டான். எமில் பணத்தை எண்ணாமலேயே சட்டைப்பையில் வைத்தார். அவனுடைய பழுப்புக் கோட்டு கூட்டத்தில் எத்தனையோ பழுப்புக் கோட்டுகளோடு கலந்துவிட்டது.

அன்று மாலை டோலரஸ் வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"எங்க அது?"

"வித்துட்டேன், டோலி. என்னால பார்க்க முடியல."

அவள் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "யார்கிட்ட?"

"தெரியல."

"பேர் என்ன?"

"கேக்கல."

"பேர்கூடக் கேக்கலையா, எமில்?"

"அங்க கேக்கறது வழக்கமில்ல."

அவள் எழுந்துபோய் வெறும் ஆணியைத் தொட்டாள். பிறகு, "அந்தக் கோணல் வெட்டு மட்டும் எனக்குத் தொட்டுப் பார்க்கணும். அவன் கை ரத்தம் அதுல காஞ்சிருந்துச்சு," என்றாள். அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எமில் தேட ஆரம்பித்தார். தன் ஊர் மண்டபத்தில் மட்டுமல்ல. சுற்றுவட்டாரத்தில் எங்கே சந்தை நடந்தாலும் போனார். டோலரஸ் ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றித் தருவாள். அவர் திரும்பி வந்து காலணியைக் கழற்றும்போது ஒரே கேள்வி: "இருந்துச்சா?"

"இல்ல."

"கேட்டியா?"

"எல்லார்கிட்டயும் கேட்டேன்."

அந்த இரண்டு பதில்களோடு அவர்களுடைய ஞாயிறு முடியும். ஏனோ அந்தக் கேள்விதான் அவர்களை ஒரே வீட்டில் வைத்திருந்தது என்று எமிலுக்குத் தோன்றும். அதே போல இருக்கிறதென்று நம்பி அவர் வாங்கிவந்த சில துப்பாக்கிகள் நிலவறையில் அடுக்கிக் கிடந்தன. டோலரஸ் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, விரலால் தடவி, "இது இல்ல," என்று திருப்பித் தந்தவை.

"யோவ், நீ தேடற ரகத்த லட்சக்கணக்குல செஞ்சு தள்ளிருக்கான்," என்பார் ஆர்ச்சி. "நம்பரும் இல்ல. வாங்குனவன் பேரும் இல்ல. எதவச்சுய்யா தேடுவ?"

"அடியில வெட்டு இருக்கும். ஒண்ணு மட்டும் கோணல்."

ஆர்ச்சி அதற்கு மேல் கிண்டல் செய்யமாட்டார். வெட்டுள்ள கட்டை எதுவும் கண்ணில் பட்டால் மேசைக்கு அடியில் எடுத்து வைப்பார்.

வருடங்கள் போகப் போகச் சந்தையே வேறாகிவிட்டது. நுழைவுச் சீட்டு விலை ஏறியது. வால்நட் கட்டைகள் இருந்த மேசைகளில் கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கிகள் வந்தன. பிறகு கொடிகள், வாசகம் எழுதிய பனியன்கள், காய்ந்த மாட்டிறைச்சிப் பொட்டலங்கள். மாற்றிக்கொள்வாயா என்று கேட்கும் பழக்கம் போய்விட்டது. இளைஞர்கள் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே போனை எடுத்து, வேறெங்கோ அது என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தார்கள். ஆர்ச்சி ஷிம்கோ ஒரு கோடையில் இறந்துபோனார். அவருடைய மகள் எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் ஏலம் விட்டாள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது ஒரு வாரத்தில் காலி. பக்கத்து மேசையில் மெழுகுவர்த்தி விற்கிற பெண் வந்தாள். எமில் தன் மேசையை விட்டுவிட்டார். வெறுமனே நடந்தார், கட்டைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்.

போன மார்ச் மாதச் சந்தையில் ட்ரெவர் லான்ட்ஸ் என்ற இளைஞனின் மேசையைப் பார்த்தார். உரிமம் பெற்ற கடைக்காரன். பழைய துப்பாக்கிகளைப் புதுப்பித்து விற்கிறவன். அவற்றில் ஒன்று அந்த ரகம். கட்டை கண்ணாடி போல மின்னியது. எமில் வழக்கம் போலக் கவிழ்த்து விரலை ஓட்டினார். வழவழவென்றிருந்தது. கீழே வைக்கப் போனார்.

"நல்ல வேலை இல்ல, சார்?" என்றான் ட்ரெவர். "என்கிட்ட வரும்போது எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு வீட்டு ஏலத்துல எடுத்தேன். எவனோ ஒரு பொடியன் அடி முழுக்கக் கத்தியால கீறி வச்சிருந்தான்."

எமிலின் கை அப்படியே நின்றது.

"எல்லாம் நேரா இருந்துச்சா?"

"எங்க சார் நேரா? ஒண்ணு கோணல்மாணலா, எவ்வளவு ஆழம்! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கையே போச்சு. ஏதோ கறை வேற இறங்கியிருந்துச்சு. தோ, இங்க தொட்டுப் பாருங்க. மரம் லேசா உள்வாங்கிருக்கும். தெரியாதவங்களுக்குத் தெரியாது."

எமில் தொட்டார். பாதி விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய பள்ளம்.

"அப்படியே விட்டிருக்கலாம்," என்றார்.

"வெட்டோட எவன் சார் வாங்குவான்? பாதி விலைகூடப் போகாது."

எமிலால் அவன் மேல் கோபப்பட முடியவில்லை. அவன் சொன்னது அவர் மகனிடம் சொன்னதுதான். பாதி விலை என்ற கணக்குகூட மாறவில்லை.

"எனக்கு வேணும்," என்றார்.

ட்ரெவர் படிவத்தை நகர்த்தினான். "இத நிரப்பணும். முன்னாடி நிரப்பிருப்பீங்களே?"

"இல்ல. இதான் முதல் தடவை."

"உங்க வயசுலயா! என்ன சார், இத்தனை நாளா அம்பும் வில்லுமா?"

எமில் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, கட்டங்களுக்குள் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று குறித்தார். அன்று அந்தப் பழுப்புக் கோட்டுக்காரனிடம் ஒரு கசங்கிய தாளில் பெயர் மட்டும் வாங்கி வைத்திருந்தால், ஒரே வாரத்தில் அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். வெட்டுகள் அப்படியே இருந்திருக்கும். எந்தத் தாளிலும் பெயர் ஏறாத வாழ்க்கையைச் சுதந்திரம் என்று அவர் எத்தனை மேசைகளில் பேசியிருக்கிறார்! அது பொய்யென்று இப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்ததை, எல்லாக் குறையையும் முன்கூட்டியே சொல்லும் அவர், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவில்லை.

ட்ரெவர் போனில் அரசாங்க அலுவலகத்தோடு பேசி அந்தப் பெயரைச் சரிபார்த்து முடித்து, சரியென்று தலையாட்டினான்.

வீட்டில் டோலரஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. விரல்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"இருந்துச்சா?"

எமில் அதை அவள் மடியில் வைத்தார். அவள் கவிழ்த்தாள். அடிக்கட்டையில் விரல் மெதுவாக ஓடியது. பள்ளத்தின் மேல் ஏறி இறங்கி, நிற்காமல், முனை வரை போனது. திரும்ப ஒருமுறை வந்தது.

அவர் வாயைத் திறந்தார். அவள் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்து, இங்கேதான் டோலி, இதுதான் அது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளிடம் மிஞ்சப்போவது தேய்த்து மினுக்கிய ஒரு மரக்கட்டை. மகனின் கைத்தடத்தையும் ரத்தத்தையும் விலைக்காக உப்புத்தாளில் தேய்த்தெடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி. இப்போது அவள் மனசுக்குள் அந்த வெட்டு எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் பத்திரமாக இருக்கிறது.

"மழமழன்னு இருக்கு," என்றாள் டோலரஸ். "நல்லா வச்சிருக்காங்க. ஆனா இது இல்ல, எமில்."

எமில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைப் பற்றிப் பொய் சொன்னார்.

"ஆமா. இது இல்ல."

"கீழ கொண்டுபோய் மத்ததோட வை. அடுத்த மாசம் பார்க்கலாம்."

அவர் அதை நிலவறையில் மற்றவற்றின் நடுவே சாய்த்து வைத்தார். கதவருகே ஆணி காலியாகவே இருந்தது.

ஏப்ரல் சந்தைக்கும் ஃபிளாஸ்கில் காப்பி தயாராக இருந்தது. எமில் போனார். வாசலில் சீட்டு வாங்கினார். தேட ஒன்றுமில்லை, பியரோகி வாங்கித் தின்றுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்து திரும்பியிருக்கலாம். அவர் முதல் வரிசையின் முதல் மேசையிலிருந்து தொடங்கினார்.

"என்ன பார்க்கறீங்க, பெரியவரே?" என்றான் மேசைக்காரன்.

"ஒத்தக் குண்டுத் துப்பாக்கி. அடியில கத்தி வெட்டு இருக்கும். ஒண்ணு மட்டும் கோணல்."

"அப்படி எதுவும் இல்லையே."

"சரி," என்று அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அங்கேயும் கேட்டார். மெழுகுவர்த்திக்காரியைத் தவிர ஒருவரையும் விடவில்லை. மாலையில் டோலரஸ், கேட்டியா என்பாள். எல்லார்கிட்டயும் கேட்டேன் என்ற அந்த ஒரு பதிலாவது உண்மையாக இருக்க வேண்டும்.