ரிஃப்காவின் இரண்டு கொன்ரோலர்கள்

ரிஃப்கா சம்பளத்துக்கு விளையாடுகிறவள். இதைக் கேட்டால் ரொறொன்ரோவில் அவள் இருக்கிற மில்லிக்கன் பக்கத்துப் பெண்களுக்குச் சிரிப்பு வரும். நாற்பத்திமூன்று வயதாகிவிட்டது, மகள் யூனிவர்சிற்றிக்குப் போய்விட்டாள், இவள் இன்னும் வீடியோ கேமோடு இருக்கிறாளே என்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒவ்வொரு பெருநாளுக்கும் தவறாமல் கேட்பாள்: "எங்கட மகனுக்கும் உந்த வேலைய எடுத்துக் குடுங்களன். அவன் சும்மாதானே விளையாடுறான்."

ரிஃப்கா விளக்கப் போவதில்லை. அவளுடைய வேலை வெல்வது அல்ல. ஒரே பாலத்தை முந்நூறு தடவை கடப்பது, சுவரில் போய் முட்டிக்கொண்டே நிற்பது, சண்டை உச்சத்தில் இருக்கும்போது வயரைப் பிடுங்கிவிட்டு என்ன உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. உடைந்தால் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கேமின் படிவத்தில் பெயர் போட்டு அனுப்ப வேண்டும்; ஒன்றும் உடையாவிட்டால், இந்தக் கேம் கடைக்குப் போகலாம் என்று அதிலேயே கையெழுத்துப் போட வேண்டும். அவள் வேலை செய்வது, கேம் ஓட்டுகிற கொன்சோல் பெட்டி செய்கிற கொம்பனியில். வெளியார் செய்த கேம் என்றாலும் அந்தப் பெட்டியில் ஓடுவதற்கு முன்னால் இவர்களுடைய கையைத் தாண்டித்தான் போகும்.

அவள் இந்த வேலைக்கென்று படித்தவளும் அல்ல. எருக்கலம்பிட்டியில் பிறந்து, எட்டு வயதில் ஊரோடு விரட்டப்பட்டு ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்து, பதினேழு வயதில் ரொறொன்ரோவுக்கு, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தவள். கொம்பனியில் முதலில் கிடைத்தது தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. கேம் நின்றுவிட்டது என்று அழுகிற பிள்ளைகளையும் கத்துகிற தகப்பன்மாரையும் பேசவிட்டு, எந்தக் கதவைத் திறந்தபோது நின்றது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். அவள் எழுதியதைப் பார்த்தவர்கள் அவளைக் கீழ்மாடியில் சோதனைப் பிரிவுக்கு எடுத்தார்கள். வந்து பத்தொன்பது வருஷமாகிறது.

அங்கேதான் றெமிஜியஸ் இருந்தார். பேசாலைக்காரர், அவளைவிட ஆறு வயது மூப்பு. முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். ஒரே தீவு, ஆனால் அங்கேயே இருந்திருந்தால் நீர் பள்ளிவாசல் பக்கம், நான் மாதா கோயில் பக்கம், ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டோம் என்றார். இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் கேம்கள் எல்லாம் இவர்கள் இருவருக்கும் வந்தன. சாம்பல் நிறச் சோபாவில் இடது பக்கம் அவர், வலது பக்கம் அவள். பதினேழு வருஷம் அப்படி இருந்ததில் சோபாவில் இரண்டு பள்ளம் விழுந்துவிட்டது. அவர் வேண்டுமென்றே குழிக்குள் விழுவார், அவள் கயிறு போட்டு இழுப்பாள். கார் கேம் வந்தால், "நீர் ஓட்டுற காரிலை நான் செத்தாலும் ஏறமாட்டன்" என்பார். சொல்லும்போதே ஏறித்தான் இருப்பார்.

பிறகு கொம்பனிக்குக் கெட்ட காலம் வந்தது. போன கொன்சோல் கடைக்கு வந்த அன்று அதில் விளையாட நாலே நாலு கேம்தான் இருந்தது. சனம் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது, வாங்கவில்லை. கொம்பனித் தலைவர் பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். ரொறொன்ரோவில் பதினான்கு பேராக இருந்த சோதனைப் பிரிவு ஐந்து பேரானது. தலைமையகத்துக்குப் புதிதாக ஒரு தலைவி வந்தா. அடுத்த கொன்சோலுக்கு முதல் நாளே பன்னிரண்டு கேம் இருக்கும் என்று மேடையில் ஏறிச் சொன்னா. அந்தப் பன்னிரண்டையும் ஒப்பேற்றும் பொறுப்பு றெமிஜியஸ் தலையில் வந்தது. அவர் ஆறாம் மாடிக்குப் போனார். சோபா கீழேயே கிடந்தது.

இரண்டு பேர் விளையாடும் கேமை இரண்டு பேர் இருந்துதான் சோதிக்க வேண்டும் என்பது கொம்பனியின் சட்டம். படிவத்திலும் பெயருக்கு இரண்டு கட்டம் உண்டு. கடைசியாக யாருடைய பெயர் இருந்ததோ அதைக் கணினி தானாகவே கொண்டுவந்து போடும். அவர் மேலே போன முதல் வெள்ளிக்கிழமை ரிஃப்கா படிவத்தைத் திறந்தபோது இரண்டாவது கட்டத்தில் றெமிஜியஸின் பெயர் இருந்தது. இனி யார் என்னோடு என்று கேட்க எழுந்து வெளியே போனாள். வேலை போனவர்களில் கடைசி ஆட்கள் கடதாசிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் போய் எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று யாரிடம் கேட்பது? திரும்பி வந்து அப்படியே அனுப்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் போனது. அந்தப் பன்னிரண்டில் மூன்று கேம்கள் அப்படிப் போயின.

தனியே இருந்து இரண்டு பேராக விளையாடுவது பழகிவிட்டால் பெரிய விஷயமில்லை. வலது கையில் ஒரு கொன்ரோலர், இடது கையில் மற்றது. கஷ்டமான இடம் வந்தால் ஒன்றை மடியில் வைத்துவிடுவாள். முதலாவது ஆளைக் கொஞ்சத் தூரம் நடத்திக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்பி இரண்டாவது ஆளைக் கூட்டிவருவாள். மாலையில் புறநகர்க் கோ ரெயினில் வீட்டுக்குப் போனால் அங்கேயும் பேச்சுத் துணை இல்லை. புருஷன் இர்ஷாத் வேலைக்கென்று கல்கரிக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். மகள் ஜினான் ஹலிஃபக்ஸில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். வேலை எப்படி என்று அவள் கேட்டால், றெமி அண்ணையும் நானும் நல்லா விளையாடுறோம் என்று ரிஃப்கா சொல்லுவாள். படிவத்தில் அப்படித்தானே இருக்கிறது.

நாலாவதாக, கடைசியாக வந்த கேமுக்கு "மலைவழி" என்று பெயர். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு விளக்கோடு பனிமலையைக் கடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதில் ஒரு பிழையை ரிஃப்கா கண்டுபிடித்தாள். இரண்டாவது பெண்ணை ஒரு குடிசையில் விட்டு, நாற்பது நிமிஷம் அவளைத் தொடாமல், முதலாமவள் மூன்றாவது பள்ளத்தாக்கைத் தாண்டிப்போய் விளையாட்டைச் சேமித்தால், இரண்டாமவள் இல்லாமல் போய்விடுகிறாள். குடிசைக்குத் திரும்பிப் போனால் அங்கே ஆள் இல்லை, விளக்கும் இல்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவர வழியும் இல்லை. ரிஃப்கா எழுதி அனுப்பினாள். கையெழுத்துப் போடவில்லை.

ஓகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை பத்து மணிபோல றெமிஜியஸ் கீழே வந்தார். கையில் கடதாசிப் பையில் மீன் வைத்துப் பொரித்த பட்டிஸ். இறைச்சி வைத்தது எதையும் அவர் ஒருநாளும் அவளுக்குக் கொண்டுவந்ததில்லை. சோபாவின் இடது பக்கத்துப் பள்ளத்தில் அமர்ந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டும் போக வேண்டும், பதினொன்று போய்விட்டது, இது ஒன்றுதான் உம்மிடம் நிற்கிறது என்றார். தலைவி ஒவ்வொரு நாளும் காலையிலேயே அழைத்துவிடுகிறாவாம். உம்முடைய ரிப்போட்டைப் படித்தேன், எந்த மனிசன் நாற்பது நிமிஷம் அசையாமல் நிற்கப்போகிறான் என்றும் கேட்டார்.

"வாரும், விளையாடிப் பாப்பம்" என்று இடது கொன்ரோலரை எடுத்தார்.

விளையாடினார்கள். முதல் குழியிலேயே அவருடைய பெண் விழுந்தாள்.

"இன்னும் பாக்காமத்தான் நடக்கிறீங்க, அண்ணை."

"பாக்கத்தானே நீர் இருக்கிறீர்."

ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது, திரையில் பனி கொட்டியது. ரிஃப்கா ஒரு கொன்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து விளையாடி எவ்வளவு நாளாயிற்று. பிழை வரவில்லை. பார்த்தீரா என்பதுபோல அவர் புருவத்தை உயர்த்தியபோது அவருடைய தொலைபேசி அடித்தது. தலைமையகம். கொன்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு நடைபாதைக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பதும், எதற்கோ தலையாட்டுவதும் தெரிந்தது. பேச்சு முடிவதாக இல்லை.

ரிஃப்கா எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை பழக்கத்தில் போனது. அவருடைய பெண்ணைக் குடிசையில் விட்டுவிட்டு, தன்னுடையவளை நடத்திக்கொண்டு போனாள். நாற்பது நிமிஷம் தாண்டியும் அவர் பேசிக்கொண்டிருந்தார்; மூன்றாவது பள்ளத்தாக்கு முடிந்தது. சேமித்தாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து கொன்ரோலரை எடுத்துப் பொத்தானை அமத்தினார். திரையைப் பார்த்தார். திரும்பவும் அமத்தினார்.

"என்ரை ஆள் எங்கை?"

ரிஃப்கா திரையை நோக்கித் தலையை அசைத்தாள். பனிக்கு மேலே வெள்ளை எழுத்தில், நீங்கள் தனியாகப் பயணம் செய்கிறீர்கள் என்று வந்திருந்தது. அவர் சின்னப் பிள்ளைபோல எல்லாப் பொத்தானையும் மாறி மாறி அமத்திப் பார்த்தார்.

"வீட்டில ஒருத்தி சோறு வடிக்க எழும்பிப் போவா" என்றாள் அவள். "மற்றது, கூட விளையாடுற பிள்ளை, முன்னுக்குப் போகும். ஜினான் அப்பிடித்தான், நிக்கமாட்டா. நாங்க திரும்பி வந்து பாத்தா ஆள் இல்ல. இருபது மணித்தியாலம் விளையாடினதும் இல்ல."

அவர் ஒரு காலத்தில் நல்ல சோதனையாளர். பிழையைக் கண்டால் அது எப்படி அகப்பட்டது என்று கேட்காமல் இருக்கமாட்டார். உம்மோடு விளையாடியவர் யார், அவர் எங்கே எழும்பிப் போனவர் என்று கேட்டார். ரிஃப்கா கணினியைத் திருப்பிப் படிவத்தைக் காட்டினாள். முதல் கட்டத்தில் அவளுடைய பெயர், இரண்டாவதில் அவருடையது. அடுத்த படிவத்திலும் அதுதான். நாலிலும் அதுதான்.

அவர் நாலு படிவத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, வெள்ளிக்கிழமைகளில் வருகிற மெயிலில் அதைக் கண்டதுதான் என்றார். நீர் மாற்றுவீர் என்று நினைத்தேன், பிறகு பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம் என்பதையும் அவரே சொன்னார். பெயர் இருக்கிறபடி இருக்கட்டும். கேமைச் செய்தவர்கள் பிழையைப் பிறகு திருத்தி அனுப்புவார்கள். இப்போது போய் இரண்டாவது பெயரை எடுத்தால், இந்த ஒன்று மட்டுமல்ல, முன்னர் போன மூன்றும் சேர்த்து நாலு கேமின் சோதனையும் செல்லாது. நாலையும் முதலில் இருந்து பார்க்க நேரம் கிடையாது.

"எட்டோடை நான் மேலை போய் நிக்கேலாது, ரிஃப்கா. உமக்கும் வேலை போகும்."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டோ எட்டோ, அதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயரை எடுத்தால் ஒன்றரை வருஷம் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை என்பது எழுத்தில் வந்துவிடும். மகளுக்குக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த இரண்டு பெயரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு அனுப்புகிறபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. இனி அப்படி அனுப்பினால், யாரோ ஒருத்தி சோறு வடித்துவிட்டு வந்து தன் ஆளைத் தேடுவாள்.

"அண்ணை, நான் இங்க தனியத்தான் இருந்தன்" என்றாள்.

இரண்டாவது கட்டத்தை வெறுமையாக்கினாள். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. ஓம் என்று அமத்தினாள். நாலு படிவத்துக்கும் நாலு தடவை கேட்டது. றெமிஜியஸ் தடுக்கவில்லை. நாலாவதும் முடிந்தபிறகு எழுந்து, கொன்ரோலரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே போனார். பட்டிஸ் பை அப்படியே இருந்தது. இருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நவம்பரில் கொன்சோல் எட்டுக் கேமோடு வந்தது. தலைவி மேடையில் தரம் முக்கியம் என்று சொன்னா. பன்னிரண்டு எங்கே என்று இணையத்தில் ஒரு வாரம் பகிடி பண்ணினார்கள், பிறகு மறந்தார்கள். றெமிஜியஸ் அதற்கு முன்னரே போய்விட்டார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு விடைபெறும் மெயில் வந்தது, அதில் ரிஃப்காவுக்கென்று தனியே ஒரு சொல்லும் இல்லை. இப்போது ஏதோ வங்கியில் வேலையாம். ரிஃப்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை. பக்கத்தில் இருக்க ஒரு ஆளையும் தந்தார்கள். மெலிசா, ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. காதில் எந்நேரமும் ஹெட்போன். தேவையென்றால் "அன்ரி, லெஃப்ட்" என்பாள். நாலு மணிக்குப் போய்விடுவாள். படிவத்தில் இப்போது பெயர் தானாக விழுவதில்லை, இருவரும் தங்கள் தங்கள் பெயரைத் தாங்களே அடிக்க வேண்டும்.

"மலைவழி" பெப்ரவரியில் வெளிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், ஜினான் பரீட்சை என்று இரண்டு நிமிஷத்தில் தொலைபேசியை வைத்துவிட்ட பிறகு, ரிஃப்கா வீட்டில் அதைப் போட்டாள். ஒரு கொன்ரோலர் கையில், மற்றது வீட்டுச் சோபாவின் இடது பக்கத்தில். இரண்டாமவளைக் குடிசையில் விட்டுவிட்டு மூன்றாவது பள்ளத்தாக்குவரை போய்ச் சேமித்தாள். அடுப்பில் சோறு வெந்துவிட்டது. எழும்பிப் போய் வடித்துவிட்டு வந்து, முதலாமவளைத் திருப்பி நடத்தினாள்.

குடிசை வாசலில் இரண்டாமவள் உட்கார்ந்திருந்தாள். விளக்கு மடியில், தலையிலும் தோளிலும் பனி. பிழையைத் திருத்தியவர்கள் அவளை உட்காரவும் வைத்திருந்தார்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை.

ரிஃப்கா திரையைப் படம் எடுத்தாள். உங்கட ஆள் இங்க இருக்கிறா என்று எழுதி றெமிஜியஸின் நம்பருக்கு அனுப்பினாள்.

பதில் அடுத்த நாள் காலை, ரெயின் கென்னடி ஸ்ரேஷனைத் தாண்டும்போது வந்தது. "நல்லது. எப்பிடிச் சுகம்?"

அவள் எழுதத் தொடங்கினாள். மெலிசாவைப் பற்றி, சோபாவை மாற்றிவிட்டார்கள் என்பதைப் பற்றி, புதுச் சோபா கல்லுமாதிரி இருக்கிறது, இன்னும் பள்ளம் விழவில்லை என்பதைப் பற்றி. வாசித்துப் பார்த்தாள். முழுவதையும் அழித்தாள்.

"சுகம், அண்ணை" என்று அனுப்பிவிட்டு, இறங்க வேண்டிய யூனியன் ஸ்ரேஷன் வருகிறது என்று மற்றவர்களோடு தானும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள்.