தொட்டுப் பார்க்காத இடம்

மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது என் இடது முன்கையில் வெளிறிய திட்டு ஒன்று வந்தது. "வெயில்தான்டி" என்றார்கள் விடுதித் தோழிகள். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. வெயில் தோலை என்ன செய்யும் என்று எங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அன்றிலிருந்து சன்ஸ்க்ரீன் தடவாமல் நான் வெளியே போனதில்லை.

கோடை விடுமுறையில் ஒரு மதியம், விருத்தாசலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் பீங்கான் பொம்மைப் பையோடு பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா திடீரென்று என் இடது கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, கம்பி கொதிக்குது, அதுமேலயே கைய வெச்சிருக்கியே! சுடலையா உனக்கு?"

திட்டு இருந்த இடம் சிவந்திருந்தது. ஆனால் சுடவில்லை. வலது கையால் அதே கம்பியைத் தொட்டேன். சுரீர் என்றது. துப்பட்டா நுனியைத் திரித்து, கண்ணை மூடிக்கொண்டு, திட்டின் மேல் வருடினேன். ஒன்றும் தெரியவில்லை.

வெளிறிய, உணர்ச்சியில்லாத திட்டு என்றால் முதலில் தொழுநோயைச் சந்தேகிக்க வேண்டும். மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும். இரண்டையும் பரீட்சையில் எழுதியவள்தான் நான். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. இத்தனை நாளும் சன்ஸ்க்ரீன் தடவும்போது குளிர்ச்சி தெரிந்தது விரலுக்கு மட்டும்தான் என்று தோன்றியது.

அந்த அம்மா கைக்குட்டையை பாட்டில் தண்ணீரில் நனைத்து என் கைமேல் போட்டார்.

"இப்போ ஜில்லுன்னு இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றேன்.

மருந்தெல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டேன். அந்தத் துணி எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.